இடது கால், பொருள் எண் 417

என் இடது கால் என் பேச்சைக் கேட்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கத்தி அவர் தொண்டைக்குப் பக்கத்தில் இருந்தது. என் உடம்பு முழுக்க அவரைப் பார்த்து நிற்க, இடது பாதம் மட்டும் மெல்லத் திரும்பித் தெருவைப் பார்த்தது. சட்டென்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, போல்ட்டு," என்றேன். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடவே இல்லை.

முழங்காலுக்குக் கீழே எனக்கு இருப்பது செய்த கால். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பஸ் என் சொந்தக் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பது ரப்பர் பாதம், அதற்கு மேல் ஒரு தண்டு, அதற்கும் மேல் என் முட்டி நுழைகிற கிண்ணம். பாதத்தையும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். நாள் முழுக்க நின்று முடி வெட்டுகிறவனுக்கு அது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேய்ந்துபோகும். போய் மாற்றிக்கொண்டு வருவேன்.

போய் மாற்றிக்கொண்டு வந்த இடம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. வாசலில் 'செயற்கைக் கால் பட்டறை' என்று பலகை. உள்ளே ஆறு பேர். தலை, புருவம், மூக்கு நுனி எல்லாம் பிளாஸ்டர் மாவு படிந்து ஆறு பேருமே கிழவர்கள் போல இருப்பார்கள். முகம் கழுவினால்தான் யாருக்கு என்ன வயது என்று தெரியும். அவர்களில் மூத்தவரை எல்லோரும் மேஸ்திரி என்போம். நான் வாசலில் தெரிந்ததும் தலையை நிமிர்த்தாமலே, "கழட்டி வை தம்பி, பத்து நிமிஷம்," என்பார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் கால் தயாராகிவிடும். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஷூவா, செருப்பா?" என்பதுதான்.

இந்த முறை நானும் மனைவியும் போனபோது கொட்டகையைக் காணவில்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நின்றது. 'நடமாட்ட மேன்மை நடுவம்' என்று பித்தளை எழுத்தில் பெயர். கதவு தானாகத் திறந்தது, தானாகவே மூடவும் செய்தது. மூடிய வேகம் இரண்டு கால் உள்ளவர்களை மனதில் வைத்துத் தீர்மானித்தது. என் மனைவி நடுவில் கைப்பையைத் திணித்து என்னை மீட்டாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் வரவேற்பு அலுவலர் என்ற பெண் இருந்தார். ஒரு முடிகூடப் பிசகாமல் வாரிய தலை. அதைப் பார்த்த உடனேயே, இந்த இடத்தில் பிளாஸ்டர் மாவு பறந்து வெகு நாளாகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வணக்கம் சார். உங்க நடைப் பயணத்துல நாங்க எப்படித் துணையா இருக்கலாம்?"

"போல்ட்டு தேஞ்சிருச்சும்மா. மாத்தணும்."

"நாங்க இப்போ ரிப்பேர் பண்றதில்ல சார்."

"பின்ன?"

"தீர்வு தர்றோம்."

"அப்ப போல்ட்டுக்கு ஒரு தீர்வு குடுத்துடுங்க," என்றாள் என் மனைவி.

"முதல்ல மதிப்பீடு மேடம். அப்புறம் கலந்தாய்வு. அதுக்கப்புறம்தான் தீர்வு. காலைக் குடுத்துட்டுப் போங்க, ஏழு வேலை நாள்ல கூப்பிடுவோம்."

"ஏழு நாள் கால் இல்லாம எப்படிம்மா? நான் நின்னு பாக்குற வேலை."

அதற்கும் ஒரு படிவம் இருந்தது. 'காத்திருக்கும் காலத்தில் நீங்கள் விரும்பும் நிலை: நின்றபடி, அமர்ந்தபடி, மற்றவை.' நான் 'நின்றபடி' என்பதற்கு நேராகக் குறி போட்டேன். வரவேற்பு அலுவலர் அதை அன்போடு வாங்கிக் கோப்பில் வைத்தார். பிறகு காலைக் கழற்றச் சொன்னார்.

கழற்றிக் கொடுத்துவிட்டு, மனைவி முன்யோசனையோடு கொண்டுவந்திருந்த பழைய ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டேன். அப்போது ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். ஒரு கையில் ஸ்டிக்கர் சுருள், இன்னொரு கையில் பதிவேடு. அவராகவே பின்கழுத்தில் சவரம் செய்துகொள்கிறவர் என்பது பார்த்ததும் தெரிந்தது, கோடு கோணலாக இருந்தது. என் காலின் ஆடுசதைப் பக்கம் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, பதிவேட்டில் '417' என்று எழுதினார்.

"இது எதுக்குங்க?"

"மானியத்தைப் பாதியா வெட்டிட்டாங்க சார். இங்க என்னென்ன இருக்குன்னு காட்டினாத்தான் மீதியாவது வருமாம். அதான் கட்டடத்துக்குள்ள இருக்குற எல்லாத்துக்கும் நம்பர்."

உண்மைதான். குழாய்க்கு எண் இருந்தது, கடிகாரத்துக்கு இருந்தது, தண்ணீர் டம்ளருக்கு இருந்தது. "எங்களுக்கு ஒட்டிடாதீங்க," என்றாள் என் மனைவி.

"மனுஷங்களுக்கு இந்தப் பதிவேட்டுல கட்டம் இல்லீங்க," என்றார் அவர். கொஞ்சம் வருத்தமாகச் சொன்னது போலத்தான் இருந்தது.

வெளியே போகும் வழியில் இடுப்பு உயரக் கம்பத்தின் மேல் ஒரு பெட்டி. அதில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். ஏதாவது ஒன்றை அழுத்தாமல் கதவு திறக்காது. அழும் முகத்தின் மேல் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அதையே நிறையப் பேர் அழுத்துறாங்க சார். தேஞ்சு போகுது," என்றார் வரவேற்பு அலுவலர்.

அடுத்த நாளிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்து முடி வெட்டினேன். உட்கார்ந்தால் என் கை வாடிக்கையாளர் காது வரைதான் எட்டும். காதுக்குக் கீழே ஒழுங்காக வெட்டி, மேலே இருப்பதை அவரவர் விதிக்கு விட்டுவிட்டேன். பத்து நாளில் எங்கள் தெருவில் ஆண்கள் எல்லோரும் காதுக்கு மேல் கூரை போட்டது போல அலைந்தார்கள். தெரியாதவர்கள் இது புது ஸ்டைல் என்று நினைத்தார்கள். தெரிந்தவர்கள் வேறு சலூனுக்குப் போனார்கள்.

என் கடை இருக்கும் கட்டடத்தின் உரிமையாளரும் என்னிடம் வெட்டிக்கொண்டவர்தான். கண்ணாடியில் தன் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாருங்க, இருபத்திரண்டு வருஷமா இருக்கீங்க, நான் ஒண்ணும் சொன்னதில்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள எழுந்து நின்னு வேலை பாருங்க. முடியலேன்னா சொல்லிடுங்க. செல்போன் கடைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

மாதக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது. என்னிடம் இருந்தவை இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, இந்த ஒரு தொழில். ஒரு போல்ட்டுக்காக இதெல்லாம் போய்விடும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாததால் மனைவி மேல் எரிந்து விழுந்தேன். அவளும் பதிலுக்கு எரிந்து விழுந்தாள். இருவரும் மறுநாள் நடுவத்துக்குப் போனோம்.

"சார், அந்தக் கால் நடுவத்தோட சொத்து," என்றார் வரவேற்பு அலுவலர், கணினியைப் பார்த்தபடி. "நம்பர் 417."

"அது என் கால்மா."

"உங்க காலா இருந்தா நம்பர் இருக்காதே சார்."

"நம்பர் நீங்கதானே ஒட்டினீங்க?"

"நடுவத்தோட சொத்துக்கு மட்டும்தான் சார் ஒட்டுவோம்." அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கவலைப்படாதீங்க. நீங்க பயனாளியா விண்ணப்பிக்கலாம். கால் இல்லேன்னு ஒரு டாக்டர் சர்ட்டிஃபிகேட் மட்டும் வேணும்."

டாக்டரிடம் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, "ஆமா, இல்ல," என்று எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக் கணினியில் தட்டிய வரவேற்பு அலுவலரின் முகம் வாடியது.

"உங்களுக்குப் பதினெட்டு வருஷம் முன்னாடியே கால் குடுத்தாச்சுன்னு வருது சார். ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணைத்தான் நீங்க வாங்கி வச்சிருக்கீங்க!"

"அப்ப திருப்பிக் குடுத்ததுக்கு ரசீது காட்டுங்க."

காட்டினேன். அவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். "இதுல 'மதிப்பீட்டுக்காக'ன்னு இருக்கு. 'ஒப்படைப்பு'ன்னு இருக்கணும். ஒப்படைப்பு ரசீது வேணும்னா காலை நேர்ல கொண்டுவந்து ஒப்படைக்கணும் சார்."

என் மனைவி மேசையில் இருந்த பேனா குவளையை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதன் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. திரும்ப வைத்துவிட்டாள்.

இப்படி நான்கு முறை, ஐந்து முறை, ஆறு முறை. இரண்டு பஸ் மாறி, ஊன்றுகோல் அக்குளைத் தின்ன, போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் சிரிக்கும் முகத்தையோ சும்மா இருக்கும் முகத்தையோ அழுத்தித்தான் வெளியே வர முடிந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் கைக்குப் பக்கத்தில் இருந்த சிரிக்கும் முகத்தையே அழுத்தினேன்.

ஏழாவது முறை நடைவழியில் ஒருவர் என் தோளைத் தொட்டார். சுத்தமான முகம், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. "என்ன தம்பி, என்னைத் தெரியலையா?" என்றார். குரல்தான் தெரிந்தது. மேஸ்திரி! மாவு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அட்டையில் 'மூத்த தொழில்நுட்ப ஆலோசகர்' என்று போட்டிருந்தது.

"மத்த அஞ்சு பேரு எங்கண்ணே?"

"போகச் சொல்லிட்டாங்க. அந்த அஞ்சு பேர் சம்பளத்துல தரக் கண்காணிப்பாளர்னு ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க. என் வேலையோட தரத்தைக் கண்காணிப்பாங்க."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"எனக்கு வேலை கிடையாதே. அதை அரை மணிக்கு ஒரு தடவை எழுதிக் குடுக்கணும்."

கூடத்து மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அவருடைய உளி, அரம், சுத்தியல், ஸ்பானர் எல்லாம் அதற்குள் வெல்வெட் துணி மேல் படுத்திருந்தன. 'நமது பாரம்பரியம்' என்று மேலே எழுதியிருந்தது. அதற்கும் பூட்டு, அதற்கும் எண்.

"உன் காலைப் பாத்தேன் தம்பி. ஸ்டோர் ரூம்ல நிக்குது. நான் செஞ்ச கால், எனக்குத் தெரியாதா? ஒரு போல்ட்டு, பத்து நிமிஷம். ஆனா போல்ட்டு வாங்கணும்னா மூணு கம்பெனிகிட்ட விலை கேட்டு எழுதணும். ஒரே ஒரு போல்ட்டுக்கு விலை சொல்ல எந்தக் கம்பெனி வரும்? ஒண்ணும் வரல." குரலைத் தாழ்த்தினார். "நான் என் கைக்காசுல வாங்கிட்டு வந்தேன். வெளியாள் பொருளை உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு வாசல்லயே வாங்கிட்டு நம்பர் போட்டுட்டாங்க."

எட்டாவது முறை போனபோது, காத்திருக்கிறவர்களுக்கு மன ஊக்கப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் எங்களைப் போல இருபது பேர். என் பக்கத்தில் ஒரு தையல்காரம்மா. அவர் கால் நடுவத்தில் ஐந்து மாதமாக இருந்தது, எண் 212. மேடையில் நின்ற பயிற்சியாளர் கைகளை விரித்து, "தடை கால்ல இல்ல, மனசுல இருக்கு! எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுங்க!" என்றார். ஊன்றுகோலை விட்டால்தான் கை தட்ட முடியும், விட்டால் நிற்க முடியாது. இரண்டையும் முயன்ற மூன்று பேர் விழுந்தார்கள். "விழுறது தப்பில்ல!" என்றார் பயிற்சியாளர், உற்சாகமாக.

முடிவில் இயக்குநர் பேசினார். அவர் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதுக்கு மேல் மிச்சமிருந்த முடியை நீளமாக வளர்த்து, வழுக்கைக்குக் குறுக்கே இழுத்துப் படிய வைத்து, சாயம் பூசியிருந்தார். முழுத் தலை மாதிரிதான் இருந்தது, மின்விசிறி போடாத வரைக்கும். அந்தக் கட்டடத்தையே அவர் அப்படித்தான் வாரி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"நண்பர்களே, காலம் மாறுது. மானியம் பாதியாயிடுச்சு. இனி இந்த நிறுவனம் சொந்தக் கால்ல நிக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க." இருபது பேரும் அவரைப் பார்த்தோம். அவர் நிறுத்தவில்லை. "பாதிப் பணத்துல முழு வேலை செய்ய முடியாது. ஆனா, முழு அறிக்கை கொடுக்க முடியும். கொடுத்திருக்கோம்! முன்னாடி இந்தப் பட்டறையில வருஷத்துக்கு நானூறு ரிப்பேர். அப்படின்னா என்ன அர்த்தம்? நானூறு குறைகள்! இந்த வருஷம் எத்தனை தெரியுமா? பூஜ்யம். ஒரு குறைகூட இல்லாத நிறுவனமா நாம வளர்ந்திருக்கோம்."

தரக் கண்காணிப்பாளர்கள் இருவரும் கை தட்டினார்கள். தையல்காரம்மா என் பக்கம் சாய்ந்து, "அடுத்த வருஷம் நம்மளும் பூஜ்யம்தான்," என்றார்.

பதினோராவது முறை போனபோது மாதக் கடைசிக்கு இரண்டு நாள். அன்று வரவேற்பு அலுவலர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இயக்குநர் அறைக்கே அழைத்துப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"வாழ்த்துகள்!" என்றார் இயக்குநர். "நடுவத்தோட அதிகத் தொடர்புல இருக்குற பயனாளி நீங்கதான்னு கணினி சொல்லுது. பதினோரு வருகை. பத்துத் தடவையும் சிரிக்கிற முகம்! உங்களை மாதிரி திருப்தியான ஆள் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல."

"எனக்குக் கால் கிடைக்கலையே சார்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். நாளைக்கு மானியக் குழு வருது. நடுவம் ஒருத்தரை நடக்க வச்சிருக்குன்னு நாங்க காட்டணும். 417-ஐ உங்களுக்குத் தற்காலிகமா தர்றோம். மேடையிலிருந்து கம்பளம் முடியற வரைக்கும் இருபது அடி நடங்க. நடந்து முடிச்சதும் கழட்டிக் குடுத்துடுங்க."

"இருபது அடியா?"

"அதுக்கு மேல வேண்டாம். கம்பளம் அவ்வளவுதான் இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "வந்துடுறோம் சார்," என்றாள். வெளியே வந்ததும் என் காதில் சொன்னாள். "கால் உங்க கையில வந்ததுக்கு அப்புறம் கழட்டினீங்கன்னா, நான் உங்களை வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

மறுநாள் காலை ஸ்டோர் ரூமில் மேஸ்திரி என் காலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாதம் தொளதொளவென்று ஆடியது. "இதோட நாலு அடிகூட நடக்க மாட்டே," என்றார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, அவற்றோடு போல்ட் முடுக்குகிற அவருடைய பழைய ஆலன் கீ. சாவிகளோடு சாவியாகத் தொங்கியதால் அது மட்டும் பாரம்பரியம் ஆகாமல் தப்பித்திருந்தது.

"போல்ட்டுக்கு என்னண்ணே பண்றது?"

அவர் எழுந்தார். கதவை லேசாகத் திறந்து, வெளியே முகப்பெட்டிக்குப் பக்கத்தில் போய், ஷூ கயிறு கட்டுகிறவர் போலக் குனிந்தார். திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையில் ஒரு போல்ட் இருந்தது. "அந்தக் கம்பத்தை மாட்டின அன்னைக்கே பாத்து வச்சேன். அளவு ஒண்ணுதான்," என்றார். பிறகு, பதினெட்டு வருடமாகச் சொன்னதையே சொன்னார். "உக்காரு தம்பி, பத்து நிமிஷம்." ஏழு நிமிடத்தில் முடித்தார்.

குழுவில் மூன்று பேர். மூவருக்கும் ஆளுக்கொரு கோப்பு. இயக்குநர் பேசினார், என்னைக் காட்டினார், நான் எழுந்தேன்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து இரண்டு காலில் நிற்கிறேன். இதை எப்படிச் சொல்வது? சந்தோஷம் என்று சொன்னால் போதாது. எல்லோருடைய முகமும் திரும்ப எனக்கு நேரே வந்துவிட்டது. இயக்குநரின் தலையில் எங்கே முடி முடிகிறது என்பது மேலிருந்து அழகாகத் தெரிந்தது. நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பாதம் போகிற பக்கமே போனது. பெஞ்சில் இருந்த தையல்காரம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது, இருபது.

"அருமை!" என்றார் இயக்குநர். "போதும் சார், உக்காருங்க. கழட்டிடலாம்."

கம்பளம் முடிந்துவிட்டது. நான் தரையில் இருபத்தோராவது அடியை வைத்தேன். எதிரே கண்ணாடிக் கதவை என் மனைவி முதுகு கொடுத்துத் திறந்து பிடித்திருந்தாள். எப்படித் திறந்தாள் என்று பிறகுதான் கேட்டேன்; எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சிரிக்கும் முகத்தை இரண்டு முறை அழுத்தினாளாம்.

"சார்! சார்! கம்பளம் அவ்வளவுதான் சார்!"

கதவுக்கு முன்னால் ஸ்டிக்கர்காரர் பதிவேட்டோடு நின்றார். "பொருள் வெளிய போறதா இருந்தா கையெழுத்து வேணும்," என்றார் சத்தமாக. பதிவேட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினார். 417-க்கு நேரே, 'வெளியிட வைப்பு', அதாவது வெளியே ஓர் இடத்தில் வைத்திருக்கும் பொருள், என்ற கட்டத்தில், அவரே ஏற்கெனவே 'அனுமதி' என்று எழுதி வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். ஓட முடியாத கால்தான், இருந்தாலும் அன்று கிட்டத்தட்ட ஓடினேன்.

பின்னால் குழுத் தலைவர் தன் திருப்தியைத் தெரிவிக்கச் சிரிக்கும் முகத்தை அழுத்தினாராம். முகப்பெட்டி மெதுவாகத் தலைவணங்கி, கம்பத்தோடு அவர் காலடியில் படுத்துக்கொண்டதாம். இதைத் தையல்காரம்மா சொன்னார்.

மறுநாள், மாதத்தின் கடைசி நாளில், கட்டட உரிமையாளர் வந்தார். நான் நின்றுகொண்டு அவர் கூரையைப் பிரித்து இறக்கினேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கடை தப்பித்தது.

அதோடு இது முடிந்திருந்தால் நானும் சிரிக்கும் முகத்தை அழுத்திவிட்டுப் போயிருப்பேன். இரண்டு வாரம் கழித்து மேஸ்திரி கடைக்கு வந்தார். கழுத்தில் அட்டை இல்லை.

"மானியம் முழுசா வந்துடுச்சு தம்பி. குழுவுக்கு உன் நடை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரு ரிப்பேர்கூட இல்லாம ஒருத்தரை நடக்க வச்சிருக்காங்க, அப்ப ரிப்பேர்காரர் எதுக்குன்னு எழுதியிருக்காங்க."

"அண்ணே..."

"அந்தப் பணத்துல முகப்பெட்டி இன்னும் நாலு வாங்குறாங்க. இந்தத் தடவை தரையில சிமெண்ட் போட்டு இறுக்குறாங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் போட்ட போல்ட்டில் நடந்து, அவர் வேலை மேலேயே மிதித்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டாவது நாற்காலியில் கிடந்த துண்டுகளை அள்ளி எடுத்து, தட்டித் துடைத்து, "உக்காருங்கண்ணே," என்றேன். அவர் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தார். அதன் பிறகு புதிதாக வாங்கிய உளி, அரத்தோடு தினமும் வந்து உட்கார்ந்தார். முதலில் தையல்காரம்மா வந்தார்; 212 இன்னும் உள்ளே இருந்ததால் மேஸ்திரி அவருக்குப் புதிதாகவே ஒன்று செய்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு நாற்காலியில் தலை, இன்னொன்றில் கால் என்று கடை ஓடியது. என் வெள்ளைத் துண்டுகளில் பிளாஸ்டர் மாவு. மனைவி திட்டிக்கொண்டே துவைத்தாள்.

அரை வருடம் கழித்து ஒரு நாள் மதியம் ஸ்டிக்கர்காரர் வாசலில் நின்றார். கையில் பதிவேடு, தோளில் நீளமான துணிப்பை. பின்கழுத்துக் கோடு அன்றும் கோணல்.

"வெளியிட வைப்புப் பொருளை அரை வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கணும் சார்."

பேன்ட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து எண்ணைப் படித்து, ஓரம் பிரிந்திருந்த ஸ்டிக்கரை விரலால் அழுத்திவிட்டார். 'பொருள் உள்ளது' என்பதில் ஒரு குறி. 'நிலை' என்ற கட்டத்தில் 'நன்று'. 'பொருள் வைக்கப்பட்டுள்ள இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கடையைச் சுற்றிப் பார்த்தார், என்னையும் ஒரு முறை பார்த்தார். என்னைத்தான் எழுதினார். அந்தப் பதிவேட்டில் எனக்கென்று ஒரு கட்டம் கிடைத்தது அப்படித்தான்.

வேலை முடிந்தும் அவர் போகவில்லை. மேஸ்திரியின் நாற்காலியைப் பார்த்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தோளில் இருந்த பையை இறக்கி, மடியில் வைத்து, மெல்லப் பிரித்தார். உள்ளே ஒரு கால். சின்னது, வலது கால். தொடைப் பக்கம் வார் அறுந்திருந்தது. அதில் எங்கேயும் எண் இல்லை.

"எங்கம்மாவோடது," என்றார். "ரசீது இல்லாம பாப்பீங்களா?"

என் மனைவி சும்மா இருப்பாளா? "ஏன், உங்க ஆபீஸ்லயே குடுத்திருக்கலாமே? கண்ணாடிக் கதவெல்லாம் இருக்குதே!" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அங்க குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதாங்க? ஸ்டிக்கர் ஒட்டுறதே நான்தானே."

மேஸ்திரி, கையில் இருந்த வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"வச்சுட்டு உக்காருங்க. பத்து நிமிஷம்."

நான் என் நாற்காலியைத் திருப்பி அவரை உட்கார வைத்து, துண்டைக் கழுத்தில் சுற்றி, அந்தக் கோணல் கோட்டைச் சரி செய்ய ஆரம்பித்தேன்.